கல் நடக்கும், கரி நடக்காது

மனை விற்கும் தொழிலில் விற்கிறவனுக்கு மனை கிடையாது, வாய் மட்டும்தான் உண்டு. வீட்டுமனை வாங்கி அலைந்தவர்களே, அன்றைக்கே வாங்காமல் விட்டுவிட்டு இன்றைய விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறவர்களே, உங்கள் பெருமூச்சில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கள்ளக்குறிச்சி அப்போது தென் ஆற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். எங்கள் முதலாளி மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மல்லாட்டையில் வந்த காசைக் கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் மூன்று காணிக் கொல்லையை வாங்கி, நாற்பத்திரண்டு மனையாகப் பிரித்து, ‘பொன்விளை நகர்’ என்று பேர் வைத்தார். பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் அங்கே மானேஜராகச் சேர்ந்தேன். எனக்குக் கீழே ஒரு நாற்காலி மட்டும் இருந்தது.

கல்லுக்குச் சாட்சி

மனை பிரித்தவுடன் முதல் வேலை கல் நடுவது. சர்வேயர் சங்கிலி பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டே போவார். பின்னாலேயே கூலியாட்கள் குழி தோண்டி, மூன்றடிக் கருங்கல்லை நிறுத்தி மண்ணைத் தள்ளி மிதிப்பார்கள். அந்த வேலைக்கு நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்களில் கைவேகம் உள்ளவர் அஞ்சலை. நடவும் களையெடுப்பும் இல்லாத நாட்களில் எந்தக் கூலி கிடைத்தாலும் போகிறவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வீட்டுக்காரர் ஏழுமலை, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்.

அஞ்சலை ஒவ்வொரு குழியிலும் கல்லை இறக்குவதற்கு முன்னால் மடியிலிருந்து ஒரு பிடி அடுப்புக்கரியை எடுத்து அடியில் போட்டார். நூற்றுச் சொச்சம் குழிக்கும் போட்டார். கரி தீர்ந்தால் போய் எடுத்து வந்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, பி.ஏ. வேறு. கல்லுக்குக் குளிர் எடுக்கிறதா என்று கேட்டுச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்தவன் எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்துவது உழவுக்கு முந்தின வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, பி.ஏ.வுக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை, மண்வெட்டியையும் கீழே வைக்கவில்லை.

“கல்லு நடக்குமுங்க சார். கரி நடக்காது.”

ஐந்து நிமிட நடை

நோட்டீசு அடித்தோம். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடை’ என்ற வரி என்னுடைய சொந்தக் கற்பனை. மனையின் விலை என்பது மண்ணின் விலை அல்ல, தூரத்தின் விலை என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் அந்த வரியை எழுதும்போதே உள்மனசுக்குத் தெரிந்துதான் இருந்தது. இல்லாவிட்டால் ஏன் பொய் சொல்லப் போகிறேன்?

நைனார்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி நோட்டீசும் கையுமாக வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடைக் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். எங்கள் நகருக்கு வந்ததும் என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். இருபத்தேழு நிமிடம். திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, மனை பிடித்திருக்கிறது, விலை பேசலாம் என்றார். பிறகு, எந்தக் கல்லூரியிலும் நான் கேட்காத கணக்கு ஒன்றைப் போட்டார்.

“நிமிஷத்துக்கு அம்பது ரூபா கம்மி பண்ணிக்குங்க. உங்க அஞ்ச நான் கேக்கல, மிச்சம் இருவத்திரண்ட மட்டும் கழிச்சிடுங்க.”

முதல் ஆள்

நோட்டீசுக்கு மயங்கி ஆறேழு மாதத்தில் ஒன்பது பேர் மனை வாங்கிப் பதிவும் செய்துகொண்டார்கள். ஒருவரும் வீடு கட்டவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, இங்கே யாராவது குடி வந்திருக்கிறார்களா என்பது. இரண்டாவது கேள்வி, பக்கத்து மனை யாருடையது என்பது. பேரைச் சொன்னால் போதாது. அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கும் கேட்கிறார்கள், கொஞ்சம் சுற்றி வளைத்து.

முதலாளி வளைவு வைத்தார், குரோட்டன்ஸ் நட்டார், கைப்பம்பு போட்டார். பம்பில் ஆடுகள் தண்ணீர் குடித்தன. சங்கராபுரத்து வாத்தியார் ஒருவர் நான்கு முறை வந்து பார்த்தார். எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் வெட்டவெளியில் தனியாக வந்து உட்கார முடியாது என்றார். இவர் கட்டினால் இன்னொருவர் வருவார், இன்னொருவர் வந்தால்தான் இவர் கட்டுவார். நாற்பத்திரண்டு மனையும் ஒன்றின் மூஞ்சியை ஒன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. ஐந்தாவது முறை வந்தபோது நான் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டேன். வாத்தியார் நிதானமாகக் குடையை மடக்கினார்.

“மொத ஆளா வர்ற தைரியம் எனக்கு இல்லப்பா. மொத ஆள நீ புடிச்சிக்கினு வா, ரெண்டாவது ஆளு நாந்தான்.”

தெருக்குத்து

பதினேழாம் மனையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து நகருக்குள் வரும் தெரு நேராக வந்து அந்த மனையின் நெற்றியில் முட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரியும். இதற்குத் தெருக்குத்து என்று பேர். தெரு குத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். பாதி விலைக்குக் கொடுக்கிறேன் என்றேன், ஒரு பிள்ளையாரையும் வைத்துத் தருகிறேன் என்றேன். ஆள் வரவில்லை.

அஞ்சலை வந்தார். அத்தனை மனைக்கும் கல் நட்டவருக்குத் தனக்கென்று ஒரு மனை வேண்டியிருந்தது. மூன்று ஆடு விற்ற பணம் கையில் இருந்தது, மீதியைப் பத்து மாதத் தவணையாகக் கட்டுகிறேன் என்றார். முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார். கூலிக்காரி, அதுவும் ஊருக்கு ஒதுக்குப்புறமான அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி வாங்கினால் மற்றவர்கள் வருவார்களா என்று யோசித்தார். பிறகு, பதினேழு எப்படியும் போகாத மனை என்பது ஞாபகம் வந்து சரி என்றார். யாரோ எழுதி வைத்திருந்த பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து ஒரு வரி விடாமல் காப்பி அடித்து நானே எழுதினேன். பத்தாம் தவணை கட்டியதும் கிரயம். தேதி தவறினால் ஒப்பந்தம் ரத்து, கட்டிய பணம் திரும்ப வராது.

எழுதி முடித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. தெருக்குத்து என்றால் என்னவென்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று கேட்டேன். அவர் ரேகை வைத்த விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

“எங்க வூட்டப் பாத்து இதுவரிக்கும் ஒரு ரோடும் வந்ததில்லீங்க. இது வருதுன்னா, வரட்டும்.”

வெள்ளிமலைக்கு எத்தனை நிமிடம்

விற்பனை படுத்துவிட்டதும் முதலாளிக்குக் கல்வராயன் மலை ஞாபகம் வந்தது. குளிர்ச்சியான இடம், இன்னொரு ஏற்காடு ஆக்கிவிடலாம், போய்ப் பார்த்து வா என்று அனுப்பினார். கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ், அங்கிருந்து மூட்டைகளோடு மூட்டையாக ஒரு ஜீப்பில் வெள்ளிமலை. மலை அழகாகத்தான் இருந்தது. காற்று, ஓடை, சாமைக் கொல்லை எல்லாம் இருந்தன. எந்த நிலம் யாருடையது என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, காகிதத்துக்குத்தான் தெரியவில்லை.

சாமை அறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எங்கள் திட்டத்தைச் சொன்னேன். அவர் குடிசைக்குள் போய் ஒரு மஞ்சள் தாளை எடுத்து வந்தார். வாரச் சந்தையில் புளி விற்றுவிட்டு வாங்கிய சர்க்கரையை எங்கள் நோட்டீசில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை படித்துக் காட்டியதாம். பெண்சாதிக்குப் பிரசவ வலி வந்தபோது தூளி கட்டி ராத்திரி முழுக்க நடந்து இறக்கிய கதையை, ஏதோ சந்தைக்குப் போய் வந்த கதைபோலச் சொன்னார். தாயும் பிள்ளையும் நலம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். அப்புறம் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார்.

“இங்கேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நோட்டீசுல எத்தினி நிமிஷம்னு போடுவீங்க?”

மரம் விழுந்த வாரம்

அப்புறம் அந்த ஒரு வாரம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் பங்கைக் கேட்டு ஊர் ஊராக இளைஞர்கள் சாலையில் இறங்கினார்கள். சாலையோரப் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன, பஸ் நின்றது. அந்த வாரத்தில் ஆளை இழந்த வீடுகள் உண்டு, அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனமில்லை. என் கதை மட்டும்தான் வேடிக்கை. சங்கராபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்பது முதலாளிக்குச் சொன்னது. சைக்கிளில் மறுநாளே வந்திருக்கலாம். அக்கா வைத்த கறிக்குழம்பு விடவில்லை.

ஆறாம் நாள் மச்சான் சைக்கிளை வாங்கிக்கொண்டு, கிராமங்கள் வழியாகச் சுற்றிக் கச்சிராயபாளையம் ரோட்டுக்கு வந்தேன். எங்கள் நகருக்கு எதிரே மூன்று மரம் கிடந்தது. மரங்களுக்கு நடுவே அணை கட்டினாற்போல் அடுக்கியிருந்த கற்களைச் சைக்கிளை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். எல்லாம் நாங்கள் நட்ட கல். ரோட்டை மறிக்கக் கை எட்டும் தூரத்தில் நூற்றுச் சொச்சம் கல் நட்டு வைத்திருந்தால் யார்தான் விடுவார்கள்?

ரோடு மறித்ததால் சனங்கள் எங்கள் தெருவுக்குள் புகுந்து, பதினேழாம் மனையில் திரும்பி, பின்னால் இருந்த வண்டிப்பாதையைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் இல்லாததால் எல்லார் கையிலும் சைக்கிள். வண்டிப்பாதை முழுக்கக் கருவேல முள். பதினேழில் நாலு கம்பு நட்டு ஓலை போட்டு, ஏழுமலை பம்பும் தண்ணீர்ச் சட்டியுமாக உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் கடைக்குக் கடை விரட்டப்பட்ட மனிதர், தன் சொந்த இடத்தில் முதல்முறையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்களுக்கு யாரோ ஒருவர் டீ போட, இன்னொருத்தி பணியாரம் சுட, வெள்ளரிப்பிஞ்சுக் கூடை ஒன்று வந்து இறங்கியிருந்தது. என் டயரிலும் முள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வெளியூர்க்காரர் என் தோளைத் தொட்டார். இரண்டு வருஷமாக அந்த இடத்தை விற்றுக்கொண்டிருந்த என்னிடமே கேட்டார்.

“ஏங்க, இது எந்த ஊருங்க?”

பூட்டு

அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பத்தாம் தவணைக்கு அந்த வாரத்தில்தான் தேதி. மூன்று நாள் பணத்தோடு ஆபீசுக்கு வந்திருக்கிறார், மூன்று நாளும் கதவு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில், நான் சங்கராபுரத்தில் கறிக்குழம்பில். அதனால் என்ன, இப்போது வாங்கிக்கொள்கிறேன் என்று ரசீது போட்டுக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

மரங்களை அகற்றி பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் சனங்களுக்கு அந்தக் குறுக்குவழி பழகிவிட்டது. வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கத்து மூன்று சிற்றூர்க்காரர்களும் எங்கள் தெருமுனையில் கைகாட்டினார்கள். டிரைவர்களும் நிறுத்தினார்கள். ‘பஞ்சர் கடை ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்டார்கள். பொன்விளை நகர் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வாத்தியார் ஓடி வந்து பதினெட்டாம் மனைக்கு முன்பணம் கொடுத்தார். முதல் ஆள் வந்தாச்சா என்று நான் கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்தது. கையோடு பதினேழையும் கேட்டார், மைத்துனனுக்கு நோட்டுப் புத்தகக் கடை வைக்கவாம். தெருக்குத்து ஆயிற்றே என்றேன். குடியிருக்கத்தான் அது ஆகாது, கடைக்கு ரொம்ப விசேஷம் என்றார்.

முதலாளி ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னார். தேதியைப் பார்த்தார். தவறியது அஞ்சலை இல்லை, நான்தான், கதவு பூட்டியிருந்தது என்று சொன்னேன். யார் கேட்டாலும் இதையே சொல்வேன் என்றும் சொன்னேன். நான் வீரன் இல்லை, அடுத்த மாதச் சம்பளம் எனக்கும் வேண்டியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. பாதி விலை மனை இப்போது மூன்று மடங்கு விலை. மண்டிக்காரர் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

“தேதி தேதிதாம்பா. பூட்டு தொங்குச்சின்னு இதுல எங்க எழுதியிருக்குது?”

அந்த வரியை எழுதியவன் நான்தான் என்பது அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

கரி பேசிய நாள்

மனை கேட்டு ஆள் வருகிறது, மனை எது என்று காட்டக் கல் இல்லை, கல் பிடுங்கிய குழிகளும் மிதிபட்டுத் தூர்ந்துபோயிருந்தன. சர்வேயர் சங்கிலியோடு வந்தார். எந்தக் கல்லிலிருந்து அளக்க ஆரம்பிப்பாரோ அந்த மூலைக்கல்லும் ரோட்டுக்குப் போயிருந்தது. சர்க்காரில் மனுப்போட்டு அளக்க மாதக்கணக்கு ஆகும் என்றார். அதற்குள் ஏற்கெனவே வாங்கியிருந்த ஒன்பது பேரும் வந்து, தங்கள் கல் இங்கே இருந்தது என்று ஆளுக்கு ஒரு கெஜம் தள்ளிக் காட்டினார்கள். எல்லார் சொல்லையும் கேட்டால் மூன்று காணி நிலம் நாலு காணி ஆகும். எனக்குக் கரி ஞாபகம் வந்தது. முதலாளியிடம் சொன்னேன். அவர், கூப்பிடு என்றார்.

அஞ்சலை வரமாட்டார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். மனை ரத்து என்று சொல்லி அனுப்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் கடப்பாரையோடு வந்தார். கால் வைத்து அளந்துகொண்டே போனார், நின்றார், குத்தினார். ஒரு முழம் தோண்டியதும் செம்மண்ணுக்குள் கறுப்பாகக் கரி. அடுத்தது, அடுத்தது. சில இடத்தில் தப்பியது, கொஞ்சம் தள்ளித் தோண்டினார், கிடைத்தது. ஒரு கெஜம் தள்ளிக் காட்டியவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் பொதுவான கல்லுக்கு வந்தார்கள். வாத்தியார் ஓர் இடத்தைக் காட்டி, இதுதான் என்றார். அஞ்சலை தலையை ஆட்டிவிட்டு, பதினேழுக்கு உள்ளே இரண்டடி தள்ளிப் போய்க் குத்தினார். கரி வந்தது. வாத்தியாருக்கு அவர் கேட்டதைவிட இரண்டடி அதிகம், அஞ்சலை மனையில் இரண்டடி குறைவு.

வாத்தியார் குனிந்து அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அஞ்சலை கடப்பாரையை ஊன்றிக்கொண்டு முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை.

“எல்லாருக்கும் அவங்கவங்க கல்லக் காட்டிட்டேங்க. எனக்கு இங்க கல்லு இருக்குதா இல்லியான்னு நீங்கதான் காட்டணும்.”

செக்குபந்தி

முதலில் வாய் திறந்தவர் வாத்தியார். பதினேழு தனக்கு வேண்டாம், இந்த அம்மா பக்கத்தில் இருந்தால் பதினெட்டுக்குக் காவலே வேண்டாம் என்றார். ஒன்பது பேரும் ஆமாம் போட்டார்கள். பக்கத்து மனை யாருடையது என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தவர்கள்தான் அவர்கள். முதலாளி இறங்கி வந்தார். இரக்கமா, வெட்கமா, இந்த அம்மா இல்லாவிட்டால் மிச்ச மனைகளை எப்படி விற்பது என்ற மண்டிக் கணக்கா, எனக்குத் தெரியாது. மூன்றும் கலந்ததாக இருக்கலாம். மறுநாள் பத்திரத்தாள் வாங்கி வா என்று மட்டும் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை, நான் வாங்கிய எந்தச் சம்பளமும் தந்ததில்லை.

ரிஜிஸ்டர் ஆபீசு வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் எழுதி முடித்து, வழக்கம்போல மூச்சு விடாமல் படித்தார். ஏழுமலை கையில் கிரீஸ் கறை போகக் கழுவிக்கொண்டு, துவைத்த சட்டையில் வந்திருந்தார். பத்திரத்தில் நான்கு பக்கத்து எல்லையைச் சொல்லும் பகுதிக்குச் செக்குபந்தி என்று பேர். ‘இருபதடி ரோட்டுக்கு மேற்கு, பதினெட்டாம் மனைக்குத் தெற்கு, மல்லாட்டைக் கொல்லைக்குக் கிழக்கு, பதினாறாம் மனைக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள மனை’ என்று ஓட்டிக்கொண்டே போனவரை அஞ்சலை கைகாட்டி நிறுத்தினார். ஏதாவது தப்பா என்று எழுதுகிறவர் பேனாவை எடுத்தார். எனக்கும் பயம்தான். நான் காப்பி அடித்த வரி இன்னும் எதையாவது கெடுத்துவிட்டதா என்று பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை.

“ரோட்டுக்கு மேற்குன்னு வந்துச்சே, அத மட்டும் இன்னொரு தரம் படிங்க.”

ஓர் ஊர் எப்படி வளர்கிறது என்று யாராவது கேட்டால் ரோடு, தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ் என்று நானும் படித்தவன் மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு பிடி அடுப்புக்கரியும் ஒரு பஞ்சர் கடையும் என்று சொன்னால் யார் என்னிடம் மனை வாங்குவார்கள்?